பூவும் பொழுதும்

காட்டுப் பூக்களின் ஒளிப்படங்கள் நாட்காட்டியிலும் நாளிதழிலும் வாழ்த்து அட்டையிலும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றுள் பல அழகானவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ‘அழகு’ என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிய பின் நெஞ்சில் எதுவும் தங்குவதில்லை. இக்குறை எங்கிருந்து வருகிறது? நீலக்குறிஞ்சிப் படங்களைக் கொண்டு ஆராய்வோம்.

மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருந்திரளாகப் பூக்கிறது. 2006-இலும் 2018-இலும் அவ்வாறு பூத்தது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான அப்பருவம் மழையின் பருவமுமாகும். ஒரு மணி நேரத்துக்குள் வெயிலும் சாரலும் மூடுபனியும் மாறி மாறி வரும். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்ததும் அப்பூக்காலத்தில்தான். ஆனால் நாம் கண்ட குறிஞ்சிப் படங்களை நினைத்துப் பாருங்கள். தெளிந்த வானம், அசையாத செடி, துடைத்து வைத்தாற்போன்ற இதழ். அம்மழை எங்கே? அக்காற்று எங்கே?

படம் எடுப்போரின் இடர்ப்பாட்டை நாம் அறியாதவர் அல்லர். அண்மையில் நின்று எடுக்கும்போது பூவின் சிற்றசைவும் படத்தில் பேரசைவாகிறது. அதனைத் தடுக்க ஷட்டரின் வேகத்தைக் கூட்ட வேண்டும். இதழும் மகரந்தமும் ஒருங்கே தெளிவுற வேண்டுமானால் லென்சின் துளையைச் சுருக்க வேண்டும். இரண்டும் ஒளியைக் குறைப்பவை. மேகம் கவிந்த மலையிலோ ஒளியே அரிது. மூடுபனியின் வெண்மையால் ஒளிமானி ஏமாறும். அதனை அப்படியே நம்பினால் படம் சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் அதே மேகம் வெண்திரை போல் நின்று வெயிலின் கடுமையைத் தணித்து, இதழின் மென்னீலத்தைக் காத்துத் தருகிறது. ஆகவே வானிலை பகையன்று. பொறுத்திருப்பவருக்கு அது துணையே.

பொறுமையற்றோர் வேறு வழி தேடுகின்றனர். பூவின் மீது கிளிசரின் கலந்த நீரைத் தெளித்துப் பனித்துளி என்கின்றனர். தண்டினைக் கவ்வியால் இறுக்கி நிறுத்துகின்றனர். ஒரு பூவை நெருங்க அண்டைச் செடிகளை மிதிக்கின்றனர். வானத்துப் பனியை மறைத்துவிட்டுப் புட்டிப் பனியைக் காட்டுவது என்ன கலை?

இடத்தினின்றும் பிரித்துப் பூவைக் காட்டுவதே தவறு என்பது நம் கருத்தன்று. ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1928-இல் ‘கலையின் மூலவடிவங்கள்’ என்னும் பொருள்படும் ஒளிப்பட நூலை வெளியிட்டார். பெர்லினில் கலை மாணவருக்குச் செடிகளைக் கொண்டு வடிவமைப்பு கற்பித்தவர் அவர். வெறும் பின்னணியில் தண்டையும் மொட்டையும் சுருளிலையையும் பன்மடங்கு பெருக்கிக் காட்டினார். அப்படங்களில் காற்றில்லை, மழையில்லை. ஆனால் அவை இருப்பதாக அவர் பாவனை செய்யவும் இல்லை. வடிவம் ஒன்றே அவர் நாடியது. அதனை நேர்மையுடன் தந்தார். நாட்காட்டிப் படமோ மலையைக் காட்டுவதாகச் சொல்லி, மலையின் பொழுதை நீக்கிவிடுகிறது.

இதனை அளக்க நம் மரபிலேயே கோல் உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. பூ கருப்பொருளுள் ஒன்று. குறிஞ்சித் திணைக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. ஒரு பூவின் பெயரே மலைநிலத்துக்குப் பெயராயிற்று என்றால், பூவையும் நிலத்தையும் பிரித்துக் காணாத பார்வை அது. முதற்பொருளைக் கைவிட்ட படம் எவ்வளவு வண்ணமுடையதாயினும் வேரற்ற படமே. மலைப்பொழிவில் இயேசுவும் காட்டு மலர்கள் எவ்வாறு வளர்கின்றன என்பதைத்தான் முதலில் கவனிக்கச் சொன்னார்; அவற்றின் எழிலைப் பின்னரே பேசினார்.

இது வெறும் இரசனைச் சிக்கல் அன்று. தேயிலைக்காகவும் யூகலிப்டஸ், சீகை போன்ற அயல் மரங்களுக்காகவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகள் பெரிதும் அழிக்கப்பட்டன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் நீலக்குறிஞ்சியை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் வரிசையில் சேர்த்தது. பூவை மட்டும் காட்டிப் பழக்கிய படங்கள், நிலம் போனால் என்ன, படத்தில் பூ இருக்கிறதே என்னும் பொய்யாறுதலை நமக்குத் தருகின்றன. பூத்தபின் அச்செடி மடிகிறது. விழுந்த விதை முளைத்து, அடுத்த பூப்பு வரை வெறும் பச்சைப் புதராகவே நிற்கிறது. அந்த நெடுங்காலத்தைப் படம் எடுப்பார் அரியர்.

நல்ல படம் எது? காற்றில் ஒரு கிளை கலங்கியிருக்கட்டும். இதழில் மெய்யான மழை நிற்கட்டும். பின்னால் மலை பாதி மறைந்திருக்கட்டும். அத்தகைய படம் எடுப்பவர், ஈரத்தில் நின்று காற்று ஓயும் கணத்துக்காகக் காத்திருந்தவராக இருப்பார். பார்க்கும் நமக்கும் அப்படம் ‘இப்பூ இங்கே, இப்பொழுதில் வாழ்கிறது’ என்று சொல்லும். அவ்வாறு கண்டவர்க்கு, அந்நிலத்தை இழப்பது எளிதாகத் தோன்றாது.