உயரம் மட்டும் போதாது: வெளிநாட்டு ஒப்பந்த ஆட்டத்தின் நிறையும் குறையும்

கலகெதரயில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போகும் வழியில் கட்டுகஸ்தோட்டை வரும். அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் லங்காஷயர், கென்ட், குளொஸ்டர்ஷயர், சென்னை, கொச்சி, பெங்களூர், மெல்பேர்ன், ஜமேக்கா எனப் பல அணிகளுக்கு ஆடினார். அவரைக் கண்டு வளர்ந்த ஊர்களில், வகுப்பிலேயே நெட்டையான பிள்ளையைக் கூடைப்பந்துக்கு அனுப்பினால் ஒருநாள் வெளிநாட்டு ஒப்பந்தம் கிடைக்கும் என்று பெற்றோர் ஆசைப்படுவது இயல்பே. ஆனால் அந்த வாழ்க்கை எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதன் நன்மை பெரியது. சம்பளம் ஒரு பங்குதான். உள்ளூரில் சந்திக்கவே முடியாத எதிராளிகளுடன் வாரந்தோறும் மோதக் கிடைப்பதே உண்மையான ஆதாயம். 1998 ஓகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை முரளிதரன் சாய்த்தார். மறு ஆண்டு லங்காஷயர் அவரை அழைத்தது. சவுத்போர்ட்டில் வோர்விக்‌ஷயருக்கு எதிராக 117 ஓட்டங்கள் கொடுத்து 14 விக்கெட்டுகள் எடுத்தார். அவர் அங்கே போனது கற்றுக்கொள்ளும் பையனாக அல்ல, கைதேர்ந்த பந்துவீச்சாளராக. பருவம் முடிந்ததும் திரும்பிவர அவருக்கு இலங்கை அணி இருந்தது.

கூடைப்பந்துக்கு நெருங்கிய உறவான வலைப்பந்தில் யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் இன்னொரு நல்ல சான்று. 208 சென்ரிமீற்றர் உயரமுள்ள அவர் ஆஸ்திரேலியாவில் சிட்டி வெஸ்ட் ஃபல்கன்ஸ் அணிக்கு ஆடினார். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வாகையர் ஆனபோது அணியின் தூண் அவர்தான். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிகக் கோல்கள் போட்டவரும் அவரே. உயரமான பெண்கள் பலர் உண்டு. ஆனால் மேலே வீசப்படும் பந்தைப் பிடித்து, நிதானம் குலையாமல் வளையத்துக்குள் இடும் கை அவருக்கு இருந்தது.

குறையைக் காட்ட பஞ்சாபின் கூடைப்பந்து வீரர் சத்னாம் சிங் போதும். ஏழடிக்கும் மேல் உயரம். 14 வயதில் புளோரிடாவின் ஐஎம்ஜி அகடமிக்குப் போனார். 2015இல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடும் டலஸ் மாவரிக்ஸ் அணி, புதிய வீரர்களுக்கான தெரிவில் அவரை 52ஆவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்பிஏ தெரிவில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை. ஆனால் என்பிஏயில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. துணை லீக் அணியான டெக்சஸ் லெஜன்ட்ஸில் பெரும்பாலும் வாங்கில்தான் இருந்தார். பிறகு கனடாவில் ஓர் அணிக்கு ஆடி, கடைசியில் மல்யுத்தத்துக்கு மாறினார். அவரிடம் உழைப்புக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். களத்தில் தவறு செய்து திருத்திக்கொள்ள வேண்டிய வயதில் அவருக்கு ஆட்ட நிமிடங்கள் கிடைக்கவில்லை.

இது இந்த முறையின் உள்ளேயே இருக்கும் குறை. பல லீக்குகளில் ஓர் அணிக்கு இத்தனை வெளிநாட்டவர் என்று வரம்பு உண்டு. அந்த இடத்துக்கு வருபவர் முதல் வாரத்திலேயே புள்ளி சேர்த்துத் தர வேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கே. முழங்கால் பிசகினால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். வளரும் பிள்ளைக்குத் தேவையான பொறுமையை அத்தகைய அணியிடம் எதிர்பார்க்க முடியாது. அந்தப் பொறுமை உள்ளூரில்தான் கிடைக்கும். நம் நாட்டிலோ, பாடசாலைப் போட்டிகளுக்குப் பிறகு கூடைப்பந்தையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள வழியில்லை.

என் தீர்ப்பு இது: தேர்ச்சியோடு போகிறவருக்கு வெளிநாட்டு ஒப்பந்தம் வரம், உயரத்தை மட்டும் நம்பிப் போகிறவருக்கு அது சூதாட்டம். பெற்றோரே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிள்ளை களத்தில் எத்தனை நிமிடம் ஆடும்? காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? திரும்பி வந்தால் கையில் படிப்போ வேலையோ உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் இங்கேயே ஆடட்டும்.