பாவும் ஊடையும்

நாகடோமி நிறுவனத்தின் பெட்டகத்துக்கு ஏழு பூட்டுகள். முதல் ஆறையும் உடைக்க தியோ என்கிற கணினிக்காரன் இருக்கிறான். ஏழாவது மின்காந்தப் பூட்டு. அதற்கு வரும் மின்சாரத்தைக் கட்டடத்துக்குள் இருந்துகொண்டு நிறுத்த முடியாது, வெளியே இருந்துதான் துண்டிக்க வேண்டும். தியோ கையை விரிக்கிறான். கூட்டத்தின் தலைவன் ஹான்ஸ் க்ரூபர் முகத்தில் மட்டும் கவலையின் சாயலே இல்லை. கட்டடத்தைப் பயங்கரவாதிகள் பிடித்துவிட்டதாகச் செய்தி பரவினால் எஃப்.பி.ஐ. வரும். வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும். அது அவர்களுடைய வழக்கமான நடைமுறை. கதவு தானாகத் திறக்கும். வெறும் திருடனான ஹான்ஸ் பயங்கரவாதி வேஷம் கட்டிக்கொண்டு வந்திருப்பது அந்த ஒரு பூட்டுக்காகத்தான். காவல்துறையிடம் உலகத்தின் பல மூலைகளிலுள்ள கைதிகளை விடுதலை செய்யச் சொல்லிக் கோரிக்கை வைக்கிறானே, அவர்களில் சிலருடைய பெயரை அவன் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்ததோடு சரி.

1988-ல் வெளிவந்த 'டை ஹார்ட்' படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இளவயதில் ப்ரூஸ் வில்லிஸுக்காகப் பார்த்தேன். பிறகு ஹான்ஸாக நடித்த ஆலன் ரிக்மனுக்காக. நாடக மேடையிலிருந்து வந்த அவருக்கு அதுதான் முதல் திரைப்படம் என்பதை இன்றும் நம்ப முடிவதில்லை. இப்போது பார்ப்பது திரைக்கதைக்காக. ஆக்‌ஷன் படத்தில் நாயகன் கதையையும் வில்லன் கதையையும் எப்படிப் பின்ன வேண்டும் என்று கேட்கிற எவருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

தறியில் முதலில் பாவு ஓட்டுவார்கள். நெய்யப்போகும் சேலையின் முழு நீளத்துக்கும் நூலை இழுத்து, விறைப்பாகக் கட்டிவைத்த பிறகுதான் ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா குறுக்கே ஓடத் தொடங்கும். ஆக்‌ஷன் கதையில் வில்லனின் திட்டம்தான் பாவு. படம் தொடங்கும் முன்பே அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். நாயகன் குறுக்கே ஓடுகிறவன். பாவு தளர்ந்திருந்தால் அவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் துணி விழாது. இந்தப் படத்தின் திரைக்கதையை ஜெப் ஸ்டூவர்ட்டோடு பகிர்ந்துகொண்ட ஸ்டீவன் டி சூசா, கதையை நகர்த்துகிறவன் ஹான்ஸ்தான், வில்லன் பக்கமிருந்தே இதை யோசிக்க வேண்டும் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் ஹான்ஸ், வலது பக்கம் நாயகன் மெக்லேன் என்று படத்தை நிறுத்தி நிறுத்தி எழுதிப் பார்த்தேன். இடது பக்கம் மளமளவென்று நிரம்பியது. கட்டடத்தைக் கைப்பற்று, தொலைபேசியை அறு, தலைவர் டகாகியிடம் கடவுச்சொல்லைக் கேள், தராவிட்டால் கொல், பூட்டுகளை உடைக்கத் தொடங்கு, போலீஸ் வரட்டும், எஃப்.பி.ஐ. வரட்டும், 64 கோடி டாலர் பத்திரங்களை அள்ளு, பிணைக்கைதிகளைக் கூரைக்கு அனுப்பி வெடிவைத்துத் தகர், எல்லோரும் செத்துவிட்டதாக உலகம் நம்பும்போது ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விடு. வலது பக்கத்தில் தொடக்கத்தில் எழுத ஒரே வரிதான் கிடைத்தது: பிரிந்து போன மனைவியோடு சமாதானம் ஆக வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வில்தான் படத்தின் அழகு இருக்கிறது. மெக்லேன் அன்றிரவு வராமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் துல்லியமாகக் கிடைக்கும். ஹான்ஸ் எங்கோ ஒரு கடற்கரையில் உட்கார்ந்திருப்பான். நான் எந்த ஆக்‌ஷன் படத்தைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். பல படங்களில் பதிலே வராது. நாயகன் வரவில்லையென்றால் வில்லன் குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே இருப்பான், அடியாட்களைத் திட்டுவான், யாரையாவது காரணமில்லாமல் சுடுவான். அவனுக்கென்று ஒரு செவ்வாய்க்கிழமை வேலை கிடையாது. அப்படிப்பட்டவனை வீழ்த்துவதில் நாயகனுக்கு என்ன பெருமை?

அடுத்தது இன்னும் நுட்பமானது. பாதிப் படம் வரைக்கும் மெக்லேன் படும் பாடெல்லாம் போலீஸை வரவழைக்கத்தான். தீ எச்சரிக்கை மணியை இழுக்கிறான். வந்துகொண்டிருந்த தீயணைப்பு வண்டிகளை ஹான்ஸின் ஆட்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கூரையில் நின்று வயர்லெஸ்ஸில் கத்துகிறான், நம்ப மறுக்கிறார்கள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போன ஒரு போலீஸ்காரரின் கார் மேல் பிணத்தைத் தூக்கிப் போட்டு, ஒருவழியாக ஊரையே கூட்டிவிடுகிறான். நாம் கைதட்டுகிறோம். ஆனால் போலீஸ் வராமல் எஃப்.பி.ஐ. வராது, எஃப்.பி.ஐ. வராமல் ஏழாவது பூட்டு திறக்காது. நாயகன் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை, வில்லனின் பட்டியலில் ஏற்கெனவே இருந்த ஒரு வரி. ஹான்ஸுக்கு எரிச்சல் எல்லாம் கொஞ்சம் சீக்கிரமாக நடந்துவிட்டது என்பதில் மட்டும்தான். மின்சாரம் போய், பெட்டகத்தின் கதவு மெல்ல விலகும்போது பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி எழுகிறது. ஒரு கணம் நாமும் திருடர்களோடு சேர்ந்து பூரிக்கிறோம். வில்லனின் வெற்றியை இத்தனை ஆனந்தமாகப் படமாக்கும் துணிச்சல், அவனுடைய திட்டத்தை முழுதாக எழுதியவர்களுக்குத்தான் வரும்.

தமிழில் இந்தத் தைரியம் எனக்குக் கிடைத்தது மோகன் ராஜாவின் 'தனி ஒருவன்' படத்தில். 2015. அந்தப் படம் தொடங்குவதே வில்லனிடமிருந்துதான். நாயகன் மித்ரனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ஒரு கட்சித் தொண்டனின் மகன் வேறொருவர் செய்த கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதற்கு விலையாகத் தகப்பனுக்குச் சட்டமன்ற சீட்டு வாங்கிக் கொடுப்பதைப் பார்த்துவிடுகிறோம். பேரம் பேசும்போது அந்தப் பையன் கண்ணில் பயமே இல்லை. வளர்ந்து அரவிந்த்சாமியின் சித்தார்த் அபிமன்யுவாகி அவன் பின்னால் செய்யப்போகும் அத்தனையும் அந்தப் பேரத்திலேயே பாவாக ஓடிவிடுகிறது. நம் வழக்கத்தில் வில்லன் நாயகனின் குடும்பத்தில் யாரையாவது கொல்ல வேண்டும், பிறகு நாயகன் புறப்பட வேண்டும். இங்கே மித்ரன் செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டிப் பார்த்து, யாரை வேரோடு சாய்த்தால் மற்றதெல்லாம் சாயும் என்று யோசித்துத் தன் எதிரியைத் தானே தேர்ந்தெடுக்கிறான்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்த ஒட்டுக்கேட்கும் கருவி. குண்டுக் காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மித்ரனின் உடம்புக்குள்ளேயே அதை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மித்ரன் போடும் திட்டம் ஒவ்வொன்றும் சித்தார்த்தின் காதில் விழுகிறது. நாயகனும் வில்லனும் ஒரே அறையில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காட்சியிலும் இருவரும் இருக்கிறார்கள். மித்ரன் வாய் திறந்தாலே நமக்கு வயிற்றைப் பிசைகிறது. இரண்டு கதைகளையும் சேர்த்துக் கட்ட எத்தனையோ பேர் துரத்தலையும் கடத்தலையும் நாடும்போது, இவர்கள் இரண்டையும் ஒரு தையலுக்குள் வைத்துவிட்டார்கள். யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும் என்பதுதான் இந்தக் கலையின் மூல இழை. சண்டைக்காட்சிகள் அதன் மேல் போடும் சரிகை.

நாகடோமிக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே அந்த மூல இழை மிகச் சாதாரணமான வீட்டுச் சாமான்களுக்குள் ஓடுகிறது. மெக்லேனின் மனைவி ஹோலி அலுவலகத்தில் தன் பிறந்த வீட்டுப் பெயரான ஜெனெரோவையே வைத்துக்கொண்டிருக்கிறாள். வரவேற்பறைத் திரையில் அதைப் பார்த்ததுமே மெக்லேனின் முகம் வாடுகிறது. வந்த வேகத்தில் இருவருக்கும் சண்டை அதைப் பற்றித்தான். அவள் அதற்கு முன்பே, கணவன் வருவானா மாட்டானா என்ற கோபத்தில், மேஜைமேல் இருந்த குடும்பப் படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஒரு தம்பதியின் மனத்தாங்கலைக் காட்ட எழுதப்பட்ட இந்த இரண்டு சிறு விஷயங்களும், துப்பாக்கிக்காரர்கள் உள்ளே நுழைந்த கணத்தில் அவளுக்குக் கவசமாகிவிடுகின்றன. ஹான்ஸ் அதே அறையில்தான் உலாவுகிறான். அந்தப் படம் கைக்கெட்டும் தூரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. எதிரியின் மனைவி தன் முன்னாலேயே நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. கடைசியில் தொலைக்காட்சியில் ஒரு நிருபர் அவள் பிள்ளைகளைக் காட்ட, அவள் முகம் மாறுவதைக் கண்டுகொண்டு அவன் அந்தப் படத்தை நிமிர்த்துகிறான். இரண்டு மணி நேரமாகத் தனித்தனியாக ஓடிய நூல்கள் அந்த ஒரு கையசைவில் முடிச்சாகின்றன. (அந்தத் தொலைக்காட்சி நிருபர் பாத்திரம் மட்டும் எனக்கு உறுத்தல். இந்த ஒரு காரியத்துக்காகவே அவனைப் படைத்திருப்பது தெரிகிறது.)

செருப்புக் கதையும் இப்படித்தான். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், போய்ச் சேர்ந்ததும் வெறுங்காலோடு கம்பளத்தில் நின்று கால் விரல்களை மடக்கிப் பாருங்கள், பயணக் களைப்பு போகும் என்கிறார். மெக்லேன் அதைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வெடிச்சத்தம். துப்பாக்கியை எடுத்தான், செருப்பை எடுக்கவில்லை. தான் முதலில் கொன்றவனுடைய காலணியைப் போட்டுப் பார்க்கிறான், சிறியது. அதை ஒரு சின்ன வேடிக்கையாக நினைத்து நாம் மறந்துவிடுவோம்.

இப்போது நாயகனும் வில்லனும் சந்திக்கும் காட்சிக்கு வருகிறேன். படத்தின் உச்சம் எனக்கு இதுதான். வெடிபொருளை இயக்கும் கருவிகள் கொண்ட பை மெக்லேனிடம் சிக்கிவிட்டது. அது இல்லாமல் கூரையைத் தகர்க்க முடியாது. ஆகவே ஹான்ஸ் தானே மேலே போய் வெடிகளைச் சோதிக்கிறான். திரும்பும் வழியில் எதிரே மெக்லேன். இதுவரை ஒருவருக்கொருவர் வயர்லெஸ் குரல்கள் மட்டும்தான். ஹான்ஸ் ஒரு நொடியில் அமெரிக்க உச்சரிப்புக்கு மாறி, தப்பி வந்த பிணைக்கைதியாக நடிக்கத் தொடங்குகிறான். ரிக்மனால் அப்படிப் பேச முடியும் என்று படப்பிடிப்பின் நடுவே தெரியவந்ததால்தான் இந்தக் காட்சியே சேர்க்கப்பட்டது. ஆனாலும் முதல் நாளிலிருந்தே கதை இதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது போலப் பொருந்திவிட்டது.

பேச்சுக் கொடுத்தபடியே ஹான்ஸ் ஒன்றைக் கவனிக்கிறான்: எதிரே நிற்பவனுக்குக் காலில் செருப்பில்லை. மெக்லேனும் ஒன்றை யோசித்துவிடுகிறான். அவன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுக்கிறான். ஹான்ஸ் அதை அவன் பக்கமே திருப்பிச் சுடும்போது குண்டில்லை. இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்டார்கள். அடுத்து வரும் துப்பாக்கிச் சண்டையில் ஹான்ஸ் தன் ஆளிடம் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். தரையெல்லாம் சில்லுகள். விமானத்தில் ஒரு அந்நியர் சொன்ன யோசனை ரத்தமாகத் தரையில் கோடு போடுகிறது. மெக்லேன் பையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது, கருவிகள் ஹான்ஸுக்குத் திரும்பக் கிடைக்கின்றன. ஆனால் குளியலறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கும்போது மெக்லேனுக்கு ஒரு கேள்வி எழுகிறது: கூட்டத்தின் தலைவன் மேலே தனியாக என்ன செய்துகொண்டிருந்தான்? அந்தக் கேள்விதான் அவனைக் கூரையின் வெடிகளிடம் கொண்டுபோகிறது. ஒரே சந்திப்பு. வில்லனுக்குக் கருவி கிடைத்தது, நாயகனுக்கு உண்மை கிடைத்தது. ஒருவர்கூட வந்தபடியே திரும்பிப் போகவில்லை. இப்படி ஒரு காட்சியைத் தன் படத்தில் எழுதிய எவருக்கும் நான் தலைவணங்குவேன்.

இவ்வளவு இறுக்கமான நெசவில் ஓர் இழை அறுந்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதையின் முடிவு உறுதியாகியிருக்கவில்லை. தப்பிக்கும் ஆம்புலன்ஸ் பிறகு சேர்க்கப்பட்டது. கடைசியில் அது லாரிக்குள்ளிருந்து இறங்குகிறது. தொடக்கத்தில் அதே லாரியின் கதவு திறந்து ஆட்கள் வெளியே வரும்போது உள்ளே ஆம்புலன்ஸ் இருந்த தடயமே இல்லை. கண்டுபிடித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு இன்னொன்று தோன்றியது. படம் பாதி வந்த பிறகும் அவர்கள் உட்கார்ந்து, ஹான்ஸ் எப்படித் தப்பிப்பான், அவன் புத்திக்குத் தகுந்த வழி எது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாயகன் எப்படி ஜெயிப்பான் என்ற கவலை அதற்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும்.

கைக்கடிகாரத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். மெக்லேன் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே, சக ஊழியனான எல்லிஸ் ஹோலியைப் பார்த்து, நிறுவனம் பரிசளித்த ரோலெக்ஸைக் காட்டச் சொல்கிறான். அவளுக்குச் சங்கடம். கணவனுக்குப் பிடிக்காத அவள் வளர்ச்சி முழுவதும் அந்த மணிக்கட்டில் மின்னுகிறது. அதற்குப் பிறகு அதை யாரும் பேசுவதில்லை. முடிவில் சுடப்பட்ட ஹான்ஸ் உடைந்த ஜன்னல் வழியாகச் சரிகிறான். முப்பதாவது மாடி. விழும்போது ஹோலியின் கையைப் பற்றிக்கொள்கிறான். அவளும் சேர்ந்து இழுபடுகிறாள். தொங்கியபடியே ஹான்ஸ் துப்பாக்கியை மெல்ல உயர்த்துகிறான். அவன் விரல்கள் பிடித்திருப்பது அந்தக் கடிகாரத்தை. கணவன் மனைவி சண்டையும் 64 கோடி டாலர் கொள்ளையும் ஒரே கொக்கியில் தொங்குகின்றன. மெக்லேன் குனிந்து, ரத்தம் வழியும் விரல்களால் அந்தக் கொக்கியைத் தேடுகிறான்.