வடதுருவத்துக்கு யோசனை சொல்பவர் யார்?

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யும் தறியை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். ஒன்றின் சாயல் மற்றொன்றில் விழாமல் இரண்டும் இணைய வேண்டுமானால், தறியில் மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளர் குழியில் கால்களை வைத்து அமர்ந்திருப்பார். மூன்றாவது நாடாவைத் தள்ளிக் கொடுக்க அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார்; பெரும்பாலும் வீட்டு ஆள்தான்.

இனி, தறியையே பார்த்திராத ஒருவரிடம் அந்தச் சேலைக்குக் கூலி நிர்ணயிக்கச் சொல்லுங்கள். பட்டு எத்தனை கிராம், ஜரிகை எத்தனை கிராம், நெய்ய எத்தனை நாள் என்று பிழையின்றிக் கணக்குப் போடுவார். ஆனால் ஒரே ஓர் ஆளுக்குத்தான் போடுவார். பக்கத்தில் அமர்ந்திருந்தவர் கணக்கில் வரமாட்டார். கணக்கர் கெட்டவர் அல்லர். அவர் படித்த படிப்பில் அந்த இரண்டாவது ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கூலிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, நாம் வெகுதூரம் வடக்கே போக வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரம் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தில், நீ-ஓலசுண்ட் என்னும் சிற்றூரில் உள்ள நம் நாட்டு ஆராய்ச்சி நிலையமான 'ஹிமாத்ரி' ஏறத்தாழ 79 பாகையில் உள்ளது. வித்தியாசம் 66 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால், வடக்கு நோக்கிய தூரம் மட்டுமே 7,300 கிலோமீட்டர் வரும். அங்கே பனி உருகினால் இங்கே யாருக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம்.

கோடையின் முடிவில் ஆர்க்டிக் கடலில் எஞ்சும் பனிப்பரப்பு 1981 முதல் 2010 வரையிலான சராசரிக் கணக்குப்படி சுமார் 62 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012இல் அது 34 லட்சமாகச் சுருங்கியது. கோவாவில் உள்ள தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள காரா கடல் பகுதியில் கோடைப் பனி குறைவதற்கும், பருவமழையின் கடைசிக் கட்டத்தில், செப்டம்பரில், இந்தியாவின் நடுப்பகுதியில் திடீர்ப் பெருமழை பெய்வதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அதன் சாரம். பனி விலகிய கடல் மேலே உள்ள காற்றைச் சூடாக்குகிறது. அதனால் உயர்மட்டக் காற்றோட்டத்தின் போக்கு மாறுகிறது. சூடேறிய அரபிக்கடல் ஈரத்தைக் கொடுத்து உதவுகிறது. 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். காஞ்சிபுரத்து மழைக்கு இந்த முடிவை அப்படியே பொருத்திவிடவும் முடியாது. ஆயினும் ஏரிகளை நம்பி வாழும் ஊர் இது. அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறிவிட்டால் நெசவு நின்றுவிடும் ஊர். மழையின் போக்கை மாற்றக்கூடியது எதுவாயினும் அது இந்த ஊருக்கு அந்நியம் ஆகாது.

ஆகவேதான், ஆர்க்டிக்கைப் பற்றி நம் அரசுக்கு யோசனை சொல்பவர்கள் யார், அவர்கள் என்ன படித்தவர்கள், எங்கே வேலை பார்த்தவர்கள் என்று கேட்பது வீண் வம்பு ஆகாது.

நம் நாட்டுத் துருவ ஆராய்ச்சி தென்கோடியிலிருந்து தொடங்கியது. 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் கால் வைத்த முதல் குழுவின் தலைவர் டாக்டர் எஸ். இசட். காசிம் கடல் உயிரியல் அறிஞர். 2007இல் ஆர்க்டிக்குக்குச் சென்ற முதல் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்த ரசிக் ரவீந்திரா நிலவியல் அறிஞர். 2008 ஜூலையில் ஹிமாத்ரி திறக்கப்பட்டது. அதன்பின் புவி அறிவியல் அமைச்சகத்தின் செயலாளர் பதவியில் இருந்தவர்களைப் பாருங்கள். சைலேஷ் நாயக் நிலவியல் படித்து, செயற்கைக்கோள் படங்களின் மூலம் கடலோரங்களை ஆராய்ந்தவர். ராஜீவன் வானிலை விஞ்ஞானி. ரவிச்சந்திரன் கடலில் மிதவைக் கருவிகளை விட்டு அளவெடுத்த கடலியல் விஞ்ஞானி. கோவா மையத்தின் இயக்குநராகவும் இருந்தவர்.

இவர்கள் எல்லாரும் அளந்து பார்த்தவர்கள். இது சிறிய பெருமை அன்று. பல நாடுகளில் துருவத்தைப் பற்றி உரத்துப் பேசுபவர்கள் ஒரு வெப்பமானியைக்கூடக் கடலில் இறக்கியதில்லை. நம்மவர்களின் பழக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு 'இண்டார்க்' ஒரு சாட்சி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2018 வரை இருந்த பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்குள்ள பொறியாளர்கள் உருவாக்கிய இந்தக் கருவித் தொகுதி, 2014 ஜூலை 23ஆம் நாள் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டன் என்னும் கடற்கழியில், 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டது. அடியில் ஒரு கனம், மேலே மிதவைகள், இடையே இழுத்துக் கட்டிய கயிற்றில், வேறுவேறு ஆழங்களில் கருவிகள். நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் முதலியவற்றை அவை ஆளில்லாமலே குறித்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் கப்பல் போக முடியாத நாட்களிலும் குறிக்கும். பிறகு மேலே எடுத்துப் பதிவுகளைப் படித்துவிட்டு மீண்டும் இறக்குவார்கள். பாவு நூலைப்போல் செங்குத்தாக நிற்கும் ஒரு கயிறு பள்ளிக்கரணைக்கும் துருவத்துக்கும் உறவு ஏற்படுத்திவிட்டது.

இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை 2022இல்தான் தொடங்குகிறது.

அந்த ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இந்தியாவின் ஆர்க்டிக் கொள்கை வெளியாயிற்று. அதற்கு ஆறு தூண்கள்: விஞ்ஞான ஆராய்ச்சி, தட்பவெப்ப, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பொருளாதார, மனித வளர்ச்சி, போக்குவரத்தும் தொடர்பும், ஆட்சிமுறையும் பன்னாட்டு ஒத்துழைப்பும், நாட்டின் திறன் பெருக்கம். முதல் இரண்டு தூண்களுக்கு நம் கடலியலாரும் வானிலையாரும் போதும். மற்ற நான்கைத் தாங்குபவர் யார்? கனிமத்தையும் எண்ணெயையும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பனிக்கடலில் கப்பல் விடுவதைப் பற்றியும், கடல் சட்டத்தைப் பற்றியும், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் இனுயிட், சாமி முதலிய மக்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. நிலவியலார் பாறையின் வயதைச் சரியாகச் சொல்வார். அந்தப் பாறைமேல் கலைமான் மேய்ப்பவரின் உரிமையைப் பற்றி அவரிடம் கேட்பது நியாயமா?

கொள்கையை நிறைவேற்றும் பொறுப்பு, பல அமைச்சகங்கள் சேர்ந்த அதிகாரம் பெற்ற குழு ஒன்றிடம் விடப்பட்டிருக்கிறது. கல்வித்துறையினர், ஆராய்ச்சியாளர், வணிகர், தொழில்துறையினர் ஆகியோரும் பங்கு பெறுவர் என்று சொல்லப்பட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமைச்சகத்தின் பெயர் ஒருவருடைய அனுபவம் ஆகிவிடாது. இன்று கப்பல் துறையில் இருக்கும் அதிகாரி நாளை உரத் துறைக்கு மாற்றப்படுவார். பனி என்பது அவர் கோப்பில் வந்து போகும் ஒரு சொல்.

இது வெறும் சந்தேகம் என்று தள்ளிவிடாதீர்கள். 2014இல் நம் விஞ்ஞானிகள் இண்டார்க்கை இறக்கினார்கள். கடல் எவ்வளவு சூடேறுகிறது என்று அறிவதற்காக. 2016இல் நம் அரசுக்குச் சொந்தமான ஓ.என்.ஜி.சி. விதேஷ் நிறுவனம், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் உள்ள ரஷ்யாவின் வான்கோர் எண்ணெய் வயலில் 26 சதவீதப் பங்கை வாங்கியது; எண்ணெய் எடுப்பதற்காக. இந்தியன் ஆயில் முதலான வேறு நிறுவனங்களும் சேர்ந்து இன்னும் ஏறத்தாழ 24 சதவீதம் வாங்கின. எண்ணெய் எரிந்தால் கரியமிலவாயு. கரியமிலவாயு மிகுந்தால் கடல் சூடேறும். சூடேறியதை இண்டார்க் குறிக்கும். இரண்டு செயல்களும் ஒரே அரசின் பணத்தில் நடந்தவை. பெட்ரோலியப் பொறியாளருக்கு எண்ணெய் வயல் தெரிகிறது, கடலியலாருக்கு வெப்பம் தெரிகிறது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவர் கணக்கை மற்றவர் படித்துப் பார்க்க வேண்டாமா? நமக்கு எரிபொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நம்முடையது. ஆனால் லாபத்தை ஒரு துறையும் நட்டத்தை இன்னொரு துறையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருப்பது எந்த ஊர்க் கணக்கு?

வெளிநாடுகளில் இந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்தார்கள் என்று சற்றுப் பார்ப்போம். அங்கே எல்லாம் சரி என்பதற்காக அன்று.

ரஷ்யாவின் ஆர்தர் சிலிங்காரோவ் துருவக் கடலியல் அறிஞர். அதே நேரத்தில் நாடாளுமன்ற உறுப்பினர், துருவங்களுக்கான அதிபரின் பிரதிநிதி. 2007 ஆகஸ்டு 2ஆம் நாள் 'மிர்' என்னும் ஆராய்ச்சி மூழ்கியில் ஏறி, வடதுருவத்தின் அடியில் ஏறத்தாழ 4,300 மீட்டர் ஆழத்துக்குப் போனார். அங்கே அவர் குழு தன் நாட்டுக் கொடியை நட்டுவிட்டு வந்தது. மூழ்கி விஞ்ஞானத்துக்காகச் செய்தது. கொடி விஞ்ஞானத்துக்காக அன்று. விஞ்ஞானி என்றாலே நடுநிலையாளர் என்று எண்ணிவிடும் நம் போன்றவர்கள் இந்த நிகழ்ச்சியை மறக்கலாகாது. பட்டம் மட்டும் பார்த்தால் போதாது. ஒருவர் எந்தத் தொப்பியோடு பேசுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ஆர்க்டிக் ஆராய்ச்சி ஆணையத்துக்கு 2011இல் தலைவரான ஃபிரான் அல்மர் விஞ்ஞானி அல்லர், வழக்கறிஞர். ஜூனோ நகரின் மேயராகவும், அலாஸ்கா மாநிலத்தின் துணை ஆளுநராகவும் இருந்தவர். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்ததை விசாரித்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர். எண்ணெய் கொட்டினால் யார் யாரைக் குற்றம் சொல்வார்கள், யார் நட்டஈடு தருவார்கள் என்பதை அவர் நேரில் விசாரித்து அறிந்திருந்தார். ஆராய்ச்சி ஆணையத்துக்கு வழக்கறிஞர் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கனடாவின் மேரி சைமன். இனுயிட் தாய்க்குப் பிறந்தவர். வட பகுதி வானொலியில் அறிவிப்பாளராகவும் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகவும் வேலை பார்த்தவர். 1994இல் கனடா அவரைத் துருவ நாட்டு விவகாரங்களுக்கான தூதராக நியமித்தது. 1996இல் ஒட்டாவா நகரில் ஆர்க்டிக் மன்றம் பிறந்தபோது, அதற்கான பேச்சுவார்த்தையில் அவர் பங்கு பெரியது. எட்டு நாடுகள் உறுப்பினராக உள்ள அந்த மன்றத்தில், மண்ணின் மக்களுடைய ஆறு அமைப்புகளுக்கு நிரந்தர இடம் உண்டு. இறுதி முடிவு நாடுகளின் கையில்தான் என்பது உண்மை. ஆனாலும் அவர்களைக் கேட்காமல் பேச்சு நகர முடியாது. 2013 முதல் பார்வையாளராக இருக்கும் இந்தியாவுக்கு அந்த மேசையில் அவர்களுக்கு நேரான இடம் கிடையாது. அறிவிப்பாளராக இருந்த அந்த அம்மையார் 2021இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் ஆனார்.

தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டாவது ஆள் இப்போது நினைவுக்கு வருகிறாரா?

காஞ்சிபுரத்தாருக்கு இது புதிய அனுபவம் அன்று. கைத்தறிக் கொள்கையைப் பற்றி மத்திய அரசுக்கு யோசனை சொல்ல, அகில இந்தியக் கைத்தறி வாரியம் என்று ஒன்று இருந்தது. அதிகாரிகளோடு நெசவுத் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. அந்த வாரியம் அடிக்கடி கூடிப் பெரிதாகச் சாதித்தது என்று யாரும் வாதாட மாட்டார்கள். ஆனால் 2020இல் அது கலைக்கப்பட்டபோது, அந்த நாற்காலியும் போயிற்று. நாற்காலி இருந்தால் சண்டையாவது போடலாம்.

ஆர்க்டிக்குக்குத் திரும்புவோம். சென்னைக்கும் விளாதிவோஸ்தோக் துறைமுகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 10,300 கிலோமீட்டர் நீளக் கடல்வழியை வளர்க்க 2019 செப்டம்பரில் இந்தியாவும் ரஷ்யாவும் கருத்தொப்பம் செய்தன. விளாதிவோஸ்தோக்கிலிருந்து மேலும் வடக்கே சென்றால் வடகடல் வழி வரும். அந்த வழியின் நிர்வாகம் 2018 முதல் ரஷ்ய அணுசக்தி நிறுவனமான ரோசாட்டமிடம் இருக்கிறது. அணுசக்தியால் ஓடும் பனி உடைப்புக் கப்பல்கள் அதனுடையவை. கப்பல்கள் அதிகம் ஓடினால் அதற்கு நல்லது. அப்படிப்பட்டவர் எதிரே உட்கார்ந்து பேரம் பேச, நம் பக்கத்தில் பனிக்கடலில் கப்பல் ஓட்டிய மாலுமி வேண்டும், காப்பீட்டுக் கணக்கு அறிந்தவர் வேண்டும், ரஷ்ய மொழி தெரிந்தவர் வேண்டும். இந்தியாவுக்கென்று சொந்தமாக ஒரு துருவ ஆராய்ச்சிக் கப்பல்கூட இன்னும் கடலில் இறங்கவில்லை. அதைக் கட்டுவதற்காகக் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனமும் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டதே 2025 ஜூனில்தான்.

கொள்கையின் வரைவு 2021 ஜனவரியில் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டது. ஜனவரி 26 வரை அவகாசம். தமிழ்வழியில் படிக்கும் மாணவர்களே, உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? உங்கள் ஆசிரியருக்காவது தெரிந்திருந்ததா? மூன்று நான்கு வாரங்களுக்குள் கருத்துச் சொல்லக்கூடியவர்கள், ஏற்கெனவே அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களே.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. அமைச்சகங்கள் சேர்ந்த அந்தக் குழுவுக்கும், அதற்கு யோசனை சொல்ல அழைக்கப்படுபவர்களுக்கும் ஒரு பட்டியல் அச்சிடட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரம் போதும்: என்ன படித்தார், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார், இப்போது எவரிடம் சம்பளமோ கட்டணமோ பெறுகிறார். தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. பிள்ளையார்பாளையத்தில் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் என்றால், நிற்பவர் எந்தத் தெரு, வீட்டில் எத்தனை தறி, எந்த முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் ஓட்டுப் போடுவார்கள்.