எதிர்மின் அயனிப் பெயர்களும் குற்றியலுகரமும்: அறிமுக வேதியியல் தமிழ் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

வேதியியல் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் பெயரிடல் விதிகளுள் எதிர்மின் அயனிகளுக்கான விதியும் ஒன்று. ஹைட்ராக்சைடு, சயனைடு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, ஒற்றைத் தனிமத்தால் ஆன எதிர்மின் அயனி ‘ஐடு’ என்னும் ஈற்றைப் பெறும். ஒரு தனிமம் ஆக்சிஜனுடன் சேர்ந்து இரண்டு அயனிகளைத் தருமாயின், ஆக்சிஜன் குறைந்தது ‘ஐட்டு’ எனவும் மிகுந்தது ‘ஏட்டு’ எனவும் முடியும். தமிழ்ப் பாடநூல்கள் இவ்வீறுகளை ஒலிபெயர்ப்பாகவே ஏற்றுள்ளன. அவை தமிழ் எழுத்திலும் புணர்ச்சியிலும் தம் வேறுபாட்டைக் காத்துக்கொள்கின்றனவா என்பது ஆராயத்தக்கது.

ஈறுகளின் பின்புலம்

கிடான் த மொர்வோ, லவாய்சியே, பெர்த்தோலே, ஃபூர்குரோவா ஆகிய நால்வர் 1787இல் வெளியிட்ட பெயரிடல் முறையே இவ்வீறுகளுக்கு அடிப்படை. பிரெஞ்சு மொழியில் குளோரைடின் பெயர் ‘ஊர்’ என முடிகிறது. ஆகவே மூன்று ஈறுகளும் அங்குத் தெளிவாக வேறுபடுகின்றன. ஆங்கிலத்திலோ ‘ஐடு’, ‘ஐட்டு’ என்பவற்றைப் பிரிப்பது ஈற்று மெய்யின் ஒலிப்புடைமை மட்டுமே. ஜெர்மன் மொழியில் ஈற்று மெய் ஒலிப்பை இழப்பதால் நைட்ரைடு, நைட்ரைட்டு ஆகியவற்றின் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். எனினும் எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்டும். ஒலிப்புடைய மெய்க்குத் தனி எழுத்தில்லாத தமிழில் இப்பணியை வேறோர் உறுப்பு ஏற்க வேண்டியுள்ளது.

உகரத்தின் பணி

தமிழ்ச் சொல்லின் இடையில் உயிரை அடுத்து வரும் தனி டகரம் ஒலிப்புடனும் இரட்டை டகரம் ஒலிப்பின்றியும் ஒலிக்கின்றன. ‘குளோரைடு’ உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். ‘குளோரைட்டு’ வன்தொடர்க் குற்றியலுகரம். இரண்டையும் பிரிப்பது இவ்வேறுபாடே. ஈற்று உகரம் தமிழ்மரபுக்காகச் சேர்த்த வெறும் ஒட்டு எனக் கருதி அதனை நீக்கினால், இரு பெயர்களும் ‘குளோரைட்’ என்னும் ஒரே வடிவில் அடங்கிவிடும். முன்னதில் குளோரினின் ஆக்சிஜனேற்ற எண் −1, பின்னதில் +3. சோடியம் குளோரைடு சமையல் உப்பு. சோடியம் குளோரைட்டு வலிமையான ஆக்சிஜனேற்றி.

வாய்பாடும் சூழலும் பொருளை உணர்த்திவிடும் என வாதிடலாம். ஆயின், பெயரைக் கொடுத்து வாய்பாட்டை எழுதச் சொல்லும் தொடக்கநிலை வினாவில் பெயரைத் தவிர மாணவருக்கு வேறு சான்று இல்லை.

புணர்ச்சியில் எழும் இடர்

உகரத்தைப் பேணுவதால் மட்டும் சிக்கல் தீர்வதில்லை. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரச் சொற்களில் ட, ற மெய்கள் வேற்றுமையில் இரட்டும் என்பது நன்னூல் விதி. ‘வீடு’ ‘வீட்டை’ எனவும் ‘கயிறு’ ‘கயிற்றை’ எனவும் ஆவது இதனாலேயே. இவ்விதியைப் பின்பற்றினால் ‘குளோரைடு’ ‘குளோரைட்டை’ என்றாகும். ‘குளோரைட்டு’ என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவமும் அதுவே. இலக்கணத் திருத்தமாகத் தோன்றும் செயல் இங்குப் பொருளையே மாற்றிவிடுகிறது. ‘குளோரைடை’, ‘குளோரைடின்’ என இரட்டாமல் எழுதும் வழக்கு தமிழ்நாட்டில் உண்டு. அதனைப் பிழையெனக் கொள்ளாமல், கலைச்சொல்லுக்குரிய விலக்காக வகுத்துக் கூறுவது தேவை.

இலங்கை வழக்கு

இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபு இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்துள்ளது. அங்கு ‘ஐடு’ என்பதற்கு ‘ஐட்டு’, ‘ஐட்டு’ என்பதற்கு ‘ஐற்று’, ‘ஏட்டு’ என்பதற்கு ‘ஏற்று’ என்பன ஈறுகளாகும். நைத்திரைட்டு, நைத்திரைற்று, நைத்திரேற்று என்பன எடுத்துக்காட்டுகள். வேறுபாடு டகர, றகரங்களின் மேல் நிற்பதால், ‘குளோரைட்டை’, ‘குளோரைற்றை’ என வேற்றுமை ஏற்ற பின்னும் அது அழிவதில்லை. இவ்வகையில் இலங்கை முறை புணர்ச்சிக்கு ஈடுகொடுக்கிறது. ஆனால் ‘குளோரைட்டு’ என்னும் ஒரே எழுத்து வடிவம் இலங்கையில் ஓர் அயனியையும் தமிழ்நாட்டில் வேறோர் அயனியையும் சுட்டுகிறது. இருநாட்டு நூல்களையும் ஒருங்கே பயன்படுத்துவோரும் கலைச்சொல் அகராதி தொகுப்போரும் இதனை நோக்காது விட்டால், ஓர் உப்பின் பெயர் மற்றோர் உப்பின் பெயராகப் பதிவாகும்.

முடிவுரை

றகர இரட்டையைத் தமிழ்நாட்டு மாணவர் வேறுவகையாக ஒலிப்பதால், இலங்கை முறையை அப்படியே ஏற்பது எளிதன்று. தமிழ்நாட்டு முறை நிலைபெற மூன்று செயல்கள் வேண்டும். அயனிப் பெயர்களின் ஈற்று உகரத்தை எங்கும் விடாது எழுதுதல் முதலாவது. ‘ஐடு’ ஈற்றுச் சொற்களை வேற்றுமையில் இரட்டாதிருத்தல் இரண்டாவது. பெயர் முதலில் வரும் இடத்தில் வாய்பாட்டையும் மின்சுமையையும் உடன் தருதல் மூன்றாவது. இருநாட்டு வழக்குகளையும் எதிரெதிரே காட்டும் பட்டியல் அகராதிகளில் இடம்பெறுதல் இவற்றுக்குத் துணைசெய்யும். ஒலிபெயர்த்த சொல்லும் தமிழ்த்தொடருள் வந்தபின் தமிழ்ப் புணர்ச்சிக்கு உட்படுகிறது. எனவே கலைச்சொல்லாக்கக் குழுக்களில் வேதியியலாருடன் இலக்கணம் வல்லாரும் அமர்தல் இன்றியமையாதது.