பன்னீர்த் திராட்சையும் அடுப்பங்கரையும்

தேனி ஜில்லாவிலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களில் விளைந்து, 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட பன்னீர்த் திராட்சையை, வாங்கி வந்த கையோடு உதிர்த்து வாயில் போட்டுக்கொள்வதோடு நாம் திருப்தியடைந்துவிடுவது அந்தக் கனிக்குச் செய்கிற நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

அதன் மகத்துவம் அடுப்பில் ஏறிய பிறகே பூரணமாக வெளிப்படுகிறது. கழுவிய பழங்களை, சிறிது தண்ணீர் தெளித்து மிதமான தீயில் வைத்தால், சற்று நேரத்தில் தோல் வெடித்து, வெளிறிய சதை குழைய, தோலின் கருநீலம் இறங்கிச் சாறு முழுவதும் செந்நிறமாவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆறியபின் அதைக் கையாலேயே பிசைந்து வடிகட்டி (அரைத்தால் விதை நசுங்கிக் கசப்பேறிவிடும்), வெல்லமும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சி, கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்துக் கொட்டினால், இனிப்பும் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று விஞ்சாத பச்சடி சித்தமாகிறது.

புளிக்குப் பதிலாக அதே சாற்றைப் பருப்புத் தண்ணீரில் விட்டு, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, நுரை கட்டியவுடன் இறக்கிவிடுகிற ரசமோ, என் ரசனையில் அதனினும் உயர்ந்தது. தளதளவென்று கொதித்துவிட்டால் அந்த வாசனை போய்விடும் ஆதலால், அடுப்பை விட்டு நகரலாகாது. விதையில்லாப் பச்சைத் திராட்சைக்குத் தயிர்ப் பச்சடியே போதும்.