சுந்தரின் சிரிப்பும் அதன் வர்க்க எல்லையும்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் சிறுகதைக்கும் கவிதைக்கும் அதிகாரங்களை வகுத்துவிட்டுக் கேலிச்சித்திரத்தைப் பெரும்பாலும் அடிக்குறிப்போடு விட்டுவிடுகின்றனர். 'சிரித்திரன்' சுந்தர் எனப் பெயர்பெற்ற சி. சிவஞானசுந்தரத்தின் (1924–1996) பணி உரியவாறு ஆராயப்படாமைக்கு இப்போக்கே காரணம் எனலாம். அப்பணியை லிந்துலைத் தோட்டப்புறத்திலிருந்து நோக்குமிடத்து, யாழ்ப்பாணத்தில் எழாத வினாவொன்று எழுகின்றது.

கரவெட்டியிற் பிறந்த சுந்தர் பம்பாயிற் கட்டடக்கலை பயிலச் சென்றவர், சித்திரக்காரராகத் திரும்பியவர். தினகரனில் அவர் படைத்த 'சவாரித் தம்பர்' வண்டிச் சவாரியில் மோகங்கொண்ட யாழ்ப்பாணக் கிராமத்தவர். 1963இல் கொழும்பிலே தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்த 'சிரித்திரன்' இதழில் தம்பரோடு மைனர் மச்சானும் மிஸிஸ் டாமோடிரனும் உலாவினர். தாமோதரன் டாமோடிரனாகும் அந்த ஓர் உச்சரிப்பிலேயே, மிஷன் பாடசாலை ஆங்கிலத்தை ஏணியாக்கி அரசாங்க உத்தியோகம் ஏறிய ஒரு வர்க்கத்தின் வரலாறு அடங்கிவிடுகின்றது. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அந்த ஏணியை ஆட்டங்காணச் செய்தது. நம்பிக்கை தளர்ந்த வர்க்கம் தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய காலத்திலே சிரித்திரன் தோன்றியமையைத் தற்செயல் என நாம் கொள்ளவில்லை.

இதழாசிரியராகவும் சுந்தர் ஆசானாக விளங்கினார். இளம் எழுத்தாளர் பலருக்குச் சிரித்திரன் பயிற்சிக் களமாயிற்று. 'மகுடி' என்ற பெயரில் அவர் அளித்த கேள்வி பதில்கள், சொற்சிக்கனத்தைப் பாடமாகக் கற்பித்தன. நகைச்சுவையைத் துணுக்கு நிலையிலிருந்து சமூக விமரிசன நிலைக்கு உயர்த்திய பெருமை அவருடையதே. இதனை மறுப்போர் சித்திரத்தை வாசிக்கத் தெரியாதவர்.

ஆயினும் அவரது நிலைத்த பாத்திரங்கள் யாழ்ப்பாணக் கிராமத்தையும் மத்தியதர வர்க்கத்தையும் சார்ந்தவை. தோட்டத் தொழிலாளிக்கு அவ்வரிசையில் இடமில்லை. இதனைச் சுந்தரின் தனிப்பட்ட குறையாகக் கருதுவது இயக்கவியற் பார்வையாகாது. இதழை விலைகொடுத்து வாங்கும் வாசகனே பாத்திரத்தையும் தீர்மானிக்கிறான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, லயத்து அறையில் நாட்கூலியை எண்ணி வாழ்ந்தவன் அச்சந்தைக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். 1970களின் பிற்பகுதியில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, தோட்டப் பாடசாலைகள் பல ஆரம்ப வகுப்புகளைத் தாண்டவில்லை. எழுத்தறிவு குறைந்தவனிடமும் சென்றடையவல்ல கலை சித்திரம். அதுவே அவனிடம் வந்து சேராமை இங்குள்ள முரண்பாடு.

மலையகத்தான் சிரிக்கத் தெரியாதவன் என்று இதற்கு விடைகூறுவார் உளர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களை அவர்கள் புரட்டிப் பார்க்கவில்லை போலும். பிரட்டுக் களத்திலும் கொழுந்து மலையிலும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் எள்ளிய மரபு அது. யாழ்ப்பாணத்துச் சிரிப்பு தன் வர்க்கத்தை உள்ளிருந்து திருத்த முனைந்தது. தோட்டத்துச் சிரிப்போ தன்னை ஆள்பவனைக் கீழிருந்து அளந்தது. முன்னையது தம்பராக உருவும் கோடும் பெற்று அச்சேறியது. பின்னையது நெடுங்காலம் பாடியவரின் குரலிலேயே தங்கிநின்றது.