பாடினவர் பெயரும் பண்ணும்

தேவாரம் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டில் ஒன்று, மன்னார்க் கரையிலுள்ள திருக்கேதீஸ்வரம். சம்பந்தர் பதிகத்துக்குப் பண் நட்டராகம். சுந்தரர் பதிகத்துக்கு நட்டபாடை. சிவராத்திரிச் செய்தியில் இவற்றின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. பாலாவியில் நீரெடுத்து லிங்கத்துக்கு அபிடேகம் செய்த கூட்டம் வரும், குருக்களும் பிரமுகர்களும் வருவார்கள். நாதஸ்வர, தவில் வித்துவான்கள் என்றால் பட்டத்தோடு வருவார்கள். அளவெட்டித் தட்சிணாமூர்த்தியை 'லயஞான குபேரபூபதி' இல்லாமல் அச்சில் காண்பதே அபூர்வம்.

பெண்கள் எங்கே? இசை படிப்பவர்களிலும் படிப்பிப்பவர்களிலும் இங்கே அவர்களே கூடுதல். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை, மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம், பிறகு பாடசாலையில் சங்கீத ஆசிரியை வேலை. பத்திரிகை அவர்களுக்கு ஒதுக்கியிருப்பது பண்ணிசைப் போட்டி முடிவும் அரங்கேற்றப் படமும். "சிறப்பாகப் பாடினார்" என்பதோடு சரி. எந்த ராகத்தை எப்படி விரித்தார் என்று எழுத விமர்சகர் இல்லை. உண்மையில் ஆண்களுக்கும் இல்லை. அவர்களுக்குப் பட்டமாவது மிஞ்சுகிறது.

தமிழ்நாட்டில் விமர்சகர் உண்டு. 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி ஆனந்த விகடனில் கச்சேரிகளை அலசியது பலரும் அறிந்தது. ஆனாலும் பல்லவி ஆண் வித்தை என்று கருதப்பட்ட காலத்தில், டி.கே. பட்டம்மாள் அதைப் பாடியதே புதுமையாகப் பேசப்பட்டது. 1928இல் தோன்றிய மியூசிக் அகாடமி, சங்கீத கலாநிதி விருதை ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, அளித்தது 1968இல்தான்.

அந்த விமர்சகர் காதும் சபா வாசலோடு நின்றுவிடுகிறது. 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குச் சுஹாஞ்சனா ஓதுவாராக நியமிக்கப்பட்டார். பெண் ஓதுவார் என்பதும், முதலமைச்சரிடம் ஆணை பெற்றதும் செய்தியாயின. அவர் குரலைப் பற்றியும் பண்ணைப் பற்றியும் ஒரு விமர்சனம் என் கண்ணில் படவில்லை. பெண் சபாவில் பாடினால் சங்கீதம், சந்நிதியில் பாடினால் அதிசயம் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் விமர்சனம் எழுதும் பழக்கம் இருந்தும் இந்த நிலை என்பதால், நான் கூடுதலாகக் குறை சொல்வது அந்த விமர்சகர்களைத்தான்.

மன்னார்ச் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த சிவராத்திரிக்குப் பிரமுகர் பட்டியலில் ஒரு பெயரைக் குறைத்து, தேவாரம் பாடியவர் பெயரையும் பண்ணின் பெயரையும் போடுங்கள்.